இருக்கிற முடி அத்தனையும்

வேண்டிக்கொள்ளும்போது வார்த்தையைப் பார்த்து வேண்டியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யாரால் பார்க்க முடியும்?

மகள் பிறந்து அப்போது ஒன்பதாம் மாதம். காய்ச்சல் தலைக்கேறி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே போய்விட்டது. சூலூரிலிருந்து கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு என்னை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். பழனி மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், ஒரு தூணைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னேன். "முருகா, புள்ளையக் குடுத்துரு. என் தலையில இருக்கற முடி அத்தனையும் உனக்கு."

குழந்தையைக் கொடுத்துவிட்டான். நான்தான் முடியைக் கொடுக்க முடியாமல் கிடந்தேன்.

அன்றைக்கு என் தலையில் இருந்த முடி கொஞ்சநஞ்சமல்ல. உட்கார்ந்தால் பின்னல் நுனி தரையைத் தொடும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு விசைத்தறிக் கொட்டகைக்குத் தார் சுற்றப் போனவள் நான். தறியில் குறுக்கு நூலுக்காக ஓடுகிற சின்னக் கட்டையில் நூல் சுற்றுகிற வேலை. போன முதல் நாளே முதலாளி, "அம்மணி, அந்தச் சடைய அள்ளி முடிஞ்சுக்க. பெல்ட்டுல சிக்குனா தலை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்" என்றார். அன்றிலிருந்து பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டாலே கை தானாகக் கொண்டைக்குப் போகும். எதையும் கெட்டதாகவே முதலில் நினைப்பது என் பிறவிக் குணம். பஸ் வரத் தாமதமானால் கவிழ்ந்துவிட்டது என்று நினைப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மொட்டை போடப் போகிறேன் என்று சொன்னேன். மாமியார் பதறிப்போனார்.

"தாலி கட்டுன பொம்பளை மொட்டை போடறதாவது! நாலு சனம் என்ன நெனைக்கும்? பூமுடி குடுத்தாப் போதும் கண்ணு. நுனியில ரண்டு விரக்கடை வெட்டிக் குடு. முருகன் வேண்டாம்பானா?"

"அத்தனையும்னு சொல்லிப்போட்டனுங்க அத்தே."

"சொன்னதுதான் சொன்னே, உன்ற கொழுந்தன் கண்ணாலம் முடியட்டும். மொட்டைத் தலையோட முகூர்த்தத்துல நிப்பியா நீயி?"

கொழுந்தனுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று பொருந்தினால் ஒன்று பொருந்தவில்லை. கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. என் வேண்டுதலும் அதோடு சேர்ந்து தள்ளிப்போனது.

மகளுக்கு ஒரு வயது தாண்டியதும் முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கும் மாதத்தில் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆனால் என் மகள் முகம் பார்த்துச் சிரித்து, தவழ்ந்து, எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியின் வாலைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் எந்தச் சிரிப்புக்கு இப்படிக் கொட்டும்? சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. தலைக்கு ஊற்றினால் குளியலறைத் தண்ணீர் போகாமல் நின்றது. தலையணையில் முடி, சோற்றில் முடி, தார்க்கட்டையில் நூலோடு சேர்ந்து சுற்றிக்கொண்ட முடி. "துணியில ஒரு மயிர் வந்துச்சுன்னா பீஸத் திருப்பி அனுப்பீருவாங்க" என்று மேஸ்திரி திட்டினார். வகிடு அகலமாகிக்கொண்டே போய், நடு மண்டையில் வெள்ளையாக ஒரு தடம் தெரிந்தது.

மற்றவர்களுக்கு முடி கொட்டினால் அழகு போகிறதே என்று கவலை. எனக்கு அந்தக் கவலைக்கே இடம் இருக்கவில்லை. அது என் முடி இல்லை. 'இருக்கற முடி அத்தனையும்' என்று சொன்ன நாளில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அவனுடையது. நான் வெறுமனே சுமந்துகொண்டிருக்கிறேன். இப்போது அது வழியெல்லாம் சிந்துகிறது. நான் தராததால் அவனே எடுத்துக்கொள்கிறான் என்று ஒரு நாள் தோன்றும். முடியை எடுத்து முடித்த பிறகு பிள்ளையிடம் வருவான் என்று மறுநாள் தோன்றும். இரண்டாவது நினைப்பு வந்த நாளில் சோறு இறங்காது.

அதனால் சேர்க்க ஆரம்பித்தேன். சீப்பில் வந்தது, தரையில் கிடந்தது, தண்ணீர் போகும் வாயில் அடைத்தது எல்லாவற்றையும் கழுவி, நிழலில் உலர்த்தி, விரலில் சுற்றி, வாரம் ஒரு தடவை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். பழனிக்குப் போகும் அன்று தலையில் இருப்பதையும் பையில் இருப்பதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

ஒரு பக்கம் பையில் சேர்த்தேன், இன்னொரு பக்கம் தலையில் நிறுத்தப் பார்த்தேன். கரிசலாங்கண்ணி காய்ச்சிய எண்ணெய், செம்பருத்தி இலை, வெந்தயம், சின்ன வெங்காயச் சாறு. வெங்காயச் சாற்றோடு கொட்டகைக்குப் போன நாளில் பக்கத்தில் தார் சுற்றுகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, தலையிலயா குழம்பு வெக்கறீங்க? தாளிக்கறது மட்டும்தான் பாக்கி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோயமுத்தூர் டவுன்ஹால் நடைபாதையில் பச்சை பாட்டிலில் எண்ணெய் விற்றவர், "வழுக்கையிலயே மொளைக்குமுங்க" என்றார். அவர் தலையில் தொப்பி போட்டிருந்தார். கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்து தேய்த்தேன். நெற்றியெல்லாம் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் உடம்பும் என்னுடையதாக இல்லை. முகம் உப்பியது. நடந்தால் கால் கனத்தது. பங்குனி வெயிலிலும் போர்வை கேட்டது. குரல் தகரத்தில் கல் உரசுவதுபோல் ஆனது. மாமியார், "தின்னுபோட்டுத் தூங்கறா" என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. பாதி உண்மைதான். தின்னவில்லை, தூங்கினேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார். வீட்டுக்காரர் பல்லடம் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் வேலை பார்த்தார். அன்று லீவு போட்டுவிட்டு வந்தார்.

டாக்டரம்மா தலையைப் பார்ப்பார் என்று முக்காட்டை எடுத்தேன். அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"புருவம் பாதியிலயே நிக்குதேம்மா. எடுத்துவுட்டீங்களா?"

"இல்லீங்களே டாக்டரம்மா. அதுவும் போயிருச்சுங்களா?"

தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் புருவத்தின் கடைசி உதிர்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர் குளிருகிறதா, மலம் கட்டுகிறதா, மாதவிலக்கு எப்படி என்றெல்லாம் கேட்டார். கழுத்தில் விரலை வைத்து எச்சில் விழுங்கச் சொன்னார். ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். முடிக்கு எதற்கு ரத்தம் என்று நினைத்தேன்.

ரிசல்ட்டோடு போனபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. அதுல ஹார்மோன்னு ஒண்ணு ஊறும். அதுதான் உடம்புக்குச் சூடு, சுறுசுறுப்பு எல்லாம். உங்களுக்கு அது கம்மியா ஊறுது. சில பேருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் இப்படி ஆகும். அது கொறைஞ்சா முடியோட வேர் தூங்கிரும். எண்ணெய் தேய்ச்சு அத எழுப்ப முடியாது. இந்த மாத்திரையும் அதே ஹார்மோன்தான். காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல, தண்ணியில முழுங்கணும். காப்பி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான். முடி உடனே வராது, மாசக்கணக்காகும். ஆனா வரும்."

"கொட்டுனது அத்தனையும் வந்துருங்களா?"

"எண்ணியா வெச்சிருக்கறீங்க?" என்று சிரித்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்த பையை நினைத்துக்கொண்டேன்.

என் பயம் அந்த வார்த்தையில் இருந்தது. ஹார்மோன். மாமியாருக்கு அது புரியவில்லை. "ஆர்மோனியமா? அது பஜனையில வாசிக்கறதல்ல?" என்றார். ஆனால் நான் அதை ஏற்கெனவே கேட்டிருந்தேன். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கேட்காதவர்கள் குறைவு. பல்லடம் ரோட்டில் நெடுக நீள நீளமான கோழிக் கொட்டகைகள் வந்துகொண்டிருந்தன. வெள்ளைக் கோழிகள். பிறந்து மாதமும் கொஞ்ச நாளும் ஆவதற்குள் கறிக்கு ஆகிவிடும். தன் கனத்தைத் தன் காலே தாங்காமல் உட்கார்ந்துவிடும். ஹார்மோன் ஊசி போட்டுத்தான் அப்படி ஊத வைக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசுவார்கள். தறிக் கொட்டகையில் மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் பக்கத்துக்காரி கையிலிருந்த தாரைக் கீழே வைத்தாள்.

"அய்யோ அக்கா, கோழிக்குப் போடறதையா உங்களுக்குக் குடுத்திருக்கறாங்க? மாசம் போனா உங்களைத் தூக்கி எடை போட வேண்டியதுதான். போதாததுக்கு மீசை வேற மொளைக்குமாமா!"

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. ஏற்கெனவே உப்பிப்போயிருந்த என் கையைப் பார்த்தேன். நான் உட்கார்ந்த இடத்தில் எழுந்திருக்க முடியாமல் போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். தினமும் அரிசி எடுக்கும்போது கை படும். எடுத்துப் பார்ப்பேன். மறுபடி புதைப்பேன்.

அப்படியிருக்கையில் மகளுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது.

தொட்டால் அனலாகச் சுட்டது. மருந்தை ஊற்றினோம், ஈரத்துணி போட்டோம். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து, பழனிக்கு வருகிறேன் என்று சொல்லி அந்த முடி இருக்கிற பையோடு சேர்த்து வைக்கலாம் என்று கதவைத் தள்ளினேன். ஆணி மட்டும் இருந்தது.

"அத்தே, இங்க மாட்டியிருந்த மஞ்சப்பை எங்கீங்க?"

"அந்த முடியா? சைக்கிள்காரரு வந்தாருல்ல, சவுரி முடிக்குப் பாத்திரம்னு கூவிக்கிட்டு. போட்டுட்டேன். ஊட்டுக்குள்ள முடியத் தொங்கவுட்டிருந்தாத் தரித்திரம் கண்ணு. அதுக்குத்தான் நம்ம பாப்பாளுக்கு எவர்சில்வர் வட்டல் வாங்கியிருக்கறேன். நாலு நாளா அதுலதான் சோறு திங்கறா, நீ பாக்கலையா?"

பார்த்திருந்தேன். புதுத் தட்டு பளபளவென்று இருக்கிறதே என்று நானே அதில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து ஊட்டியிருந்தேன். சாமிக்கு என்று வைத்திருந்ததை விற்று, அதில் பிள்ளைக்குச் சோறு. நாலு நாள் தின்றாள், ஐந்தாம் நாள் காய்ச்சல். என் தலைக்குள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. செருப்பு இல்லை. தலையில் முக்காடும் இல்லை. மெயின் ரோட்டு டீக்கடையில் நின்று, "முடிக்குப் பாத்திரம் போடறவரு எந்தப் பக்கம் போனாருங்க?" என்று கேட்டேன்.

"அவரு போயி நாலு நாளாச்சுங்களே. சோமனூர்ப் பக்கம் போறேன்னாரு. என்னுங், ஏமாத்திப்போட்டாரா?"

"என் முடி அவருகிட்டப் போயிருச்சுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் தலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அதான் தெரியுதே" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து எங்கே போவது? வீட்டுக்குப் போனால் பிள்ளையின் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தார். "காச்சல் எறங்கிருச்சு, புள்ளை உன்னையத் தேடுது, வா" என்றார். போகிற வழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வராந்தாவில் சொன்ன வார்த்தை, பை, அரிசி டின்னில் புதைத்த மாத்திரை, கோழி. கோழி என்றதும் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"கோழியா? நானு தெனமும் அதுகளோடதான கெடக்கறேன். தீவனம் போடறேன், தண்ணி ஊத்தறேன், கண்ணுல ரண்டு சொட்டு மருந்து வுடறேன். ஊதறதுக்குன்னு ஊசி போட்டு நாம் பாத்ததில்லே. அப்படியே இருந்தாலும், ஏம்புள்ளே, நீ ஊதிக்கிட்டிருக்கறது மாத்திரையத் திங்காமத்தான?"

மறுநாள் காலையில் அரிசி டின்னிலிருந்து அட்டையை எடுத்து முதல் மாத்திரையை விழுங்கினேன். மீசை முளைக்கிறதா என்று மதியமே கண்ணாடி பார்த்தேன்.

மாற்றம் முடியில் தொடங்கவில்லை. முதலில் போர்வை தேவைப்படவில்லை. பிறகு செருப்பு காலுக்குத் தளர்ந்தது. குரல் திரும்பி வந்தது. ஐப்பசி மழை முடிகிற சமயத்தில் நெற்றி ஓரத்தில் குட்டி குட்டியாக முடி குத்திட்டு நின்றது. மகள் கையால் தடவி, "ஊசி, ஊசி" என்றாள்.

எல்லோரும் இனி நன்றாக வளரட்டும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இது மறுபடியும் கொட்டிப்போனால்? ஏதாவது தலையில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கொழுந்தனுக்கு இன்னும் ஜாதகம் பொருந்தவில்லை. வீட்டுக்காரர் அவருடைய அம்மாவிடம், "முகூர்த்தத்துல அவ துண்டு கட்டிக்கிட்டு நிக்கட்டும். இல்லாட்டி நானும் மொட்டை போட்டுக்கறேன், ரண்டு பேரும் சோடியா நிக்கறோம்" என்றார். மாமியார் கட்டுச்சோற்றுக்கு அரிசி எடுக்கப் போனார். போகும்போது நான் அந்த வட்டலையும் பையில் எடுத்துக்கொண்டேன். போன முடிக்கு வந்தது அதுதானே. உண்டியலில் போட்டுவிட நினைத்தேன்.

பழனி அடிவாரத்தில் சீட்டு வாங்கி, முடி இறக்குகிறவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். கை சட்டென்று நின்றது.

"என்னுங்கம்மா இது, மேல நாலு முடி நீளமா இருக்குது, அடியில புதுசா மொளைச்சுக்கிட்டு வருது? சீக்கா?"

"ஆமாங்ணா. பாதிக்கு மேல கொட்டிப்போச்சுங்க. அதையும் சாமிக்குன்னு சேத்தி வெச்சிருந்தேன். ஊட்டுல தெரியாம சவுரிக்காரருக்குப் போட்டுட்டாங்க. கொறை ஆயிருமுங்களா?"

அவர் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே சொன்னார். "சவுரிக்காரரு எங்கீங்க கொண்டு போயிக் குடுப்பாரு? யாவாரிகிட்ட. இங்க எறக்கற முடிய ஏலம் எடுக்கறதும் யாவாரிதானுங்க. எல்லாம் ஒரே மூட்டைதான். எவளோ சவுரியா வெச்சுப் பின்னி, பூ வெச்சுக்கிட்டுப் போவா. முருகன் முடிய வெச்சுக்கிட்டு என்ன பண்றான்? குனிங்க. ஆடாதீங்க, காது போயிரும்."

நான் ஆடவில்லை. அழுகை குலுக்கியது. புதிதாக முளைத்த அந்த ஊசிகளும் வழிந்து போயின. எத்தனை மாதம் ஏங்கி வந்தவை. சந்தனம் பூசினதும் தலை குளுகுளுவென்று ஆனது. நெஞ்சும் கொஞ்சம்.

மலை மேல் உண்டியல் பக்கம் போய் வட்டலை எடுத்தேன். வாய்க்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற அம்மா, "ஏனுங்கக்கா, உண்டியலுக்கு மூடி போடறீங்களா? நகருங்க, கூட்டம் நிக்குதல்ல" என்றார். அதை மறுபடி பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மண்டபத்தில் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது மகள், "என் வட்டல்" என்று கேட்டாள். அவளுடைய அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். தயிர்ச்சோறு தின்று முடிக்கும்வரை அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடவில்லை. அன்றைக்கும் சுடவில்லை, அடுத்த வாரமும் சுடவில்லை.

அடுத்த முறை ரத்தம் பார்க்கப் போனபோது தலையில் துண்டு கட்டியிருந்தேன். அவிழ்த்ததும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நான் முடி வளர மருந்து குடுத்தா, நீங்க மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து நிக்கறீங்களே!"

"குடுக்கறதுக்குத்தானுங்க டாக்டரம்மா வளத்துனேன்."

என் வீட்டுக்காரர் வேண்டுதலைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரத்தம் நன்றாக இருக்கிறது, மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, முடி மறுபடி வந்துவிடும் என்றார். பிறகு என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "புருவம் முழுசா வந்துருச்சு பாருங்க. நல்லவேளை, இதையும் சேத்தி வேண்டிக்கல" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளை மடியில் போட்டுக்கொண்டேன். சிங்காநல்லூர் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. தலையில இருக்கற முடி அத்தனையும் என்றுதானே சொன்னேன். புருவம் எங்கே இருக்கிறது? தலையில்தானே இருக்கிறது?

"ஏனுங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் தூக்கத்திலிருந்து, "ம்?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். சூலூர் வரும்வரை கையைப் புருவத்தின் மேல் வைத்து மறைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.